பதிவேட்டின் ஓரத்தில் எழுதியது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்பது நம் கோயில் பங்குச்சாமிக்கு நீ போட்ட கடிதத்திலிருந்தே தெரிந்துவிட்டது, சுகமில்லாதவளால் மூன்று பக்கத்துக்கு ஒரு பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்ய முடியாது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, படி ஏறும்போது மட்டும் யாரையாவது திட்டினால்தான் கால் தூக்க வருகிறது, வழக்கம்போல அந்த யாராவது நான்தான். உன் தம்பிக்கு குளிர்பெட்டி பழுது பார்க்கும் கடையில் வேலை நிலைத்துவிட்டது, ஊரில் உள்ள பெட்டியெல்லாம் சரியாகிவிட்டது, நம் வீட்டுப் பெட்டி மட்டும் இன்னும் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறது, கேட்டால் வரிசையில் வாங்க என்கிறான். எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதுதான் அதில் உள்ள குறை. தலைமுடியைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம், அவரவர் விருப்பப்படி பிரிந்து போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்படி வருகிறேன் வருகிறேன் என்று எழுதி மூன்று காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. போன மாதம் இரண்டாம் செவ்வாய் காலையில் அலுவலகத்துக்குத் தபால் வந்தது. இந்தக் கோயில் பங்கு அலுவலகத்தில் எழுத்தராக நான் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது, தபால் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தானே நீ. உறையைக் கத்தரிப்பேன், காகிதத்தைப் பிரிப்பேன், வலது மூலையில் பெறப்பட்டது என்று முத்திரை குத்துவேன், தபால் பதிவேட்டில் எண் கொடுப்பேன், அதற்கப்புறம்தான் படிப்பேன். படித்துவிட்டுக் குத்தினால் என்னப்பா என்று உன் தம்பி ஒரு நாள் கேட்டதற்கு, அலுவலகம் என்றால் அப்படித்தான் போடா என்று பெரிய அதிகாரி மாதிரி சொன்னேன். அன்றைக்கு ஐந்து கடிதம். ஒன்று மெழுகுவர்த்திக் கம்பெனி, ஒன்று பக்கத்துப் பங்கிலிருந்து கல்யாண அறிவிப்பு, இரண்டு பாடகர் குழுவைப் பற்றிய மொட்டைக் கடிதம், இரண்டும் ஒரே கையெழுத்து, அடுத்தது வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டியது. வெளியே வேலைக்குப் போன யாரோ ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தி, இருநூற்றுப் பதினேழு என்று எண் போட்டு, பொருள் என்ற இடத்தில் திருமுழுக்கு தொடர்பாக என்றும் எழுதிவிட்டேன். அதற்கப்புறம்தான் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவனே நான், அந்தக் கடைசிச் சுழிப்பு என்னுடையது.

முத்திரை மட்டும் குத்தாமல் இருந்திருந்தால் சத்தியமாகச் சொல்கிறேன் மகளே, அந்தக் கடிதம் வந்தே இருக்காது. சட்டைப்பைக்குள் போயிருக்கும், வீட்டில் அடுப்பு இருக்கிறது. தபால் தொலைவது உலகத்தில் எங்கும் நடப்பதுதானே. ஆனால் எண் போட்டாயிற்றே, இருநூற்றுப் பதினாறும் இருக்கிறது, நாளைக்குப் பதினெட்டும் வரும், நடுவில் ஒன்று காணோம் என்றால் இருபத்தெட்டு வருடத்து எழுத்தர் யாருக்குப் பதில் சொல்வது. பழக்கதோஷத்தில் சொந்த மகளுக்கு எண் கொடுத்த மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பங்கில் இன்ன தேதியில் இன்ன எண்ணில் திருமுழுக்குப் பெற்ற நான் இப்போது வேறொரு கிறிஸ்தவ சபையில் விசுவாசத்தோடு சேர்ந்திருக்கிறேன், ஆகவே திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். எண் சரிதானா என்று பார்ப்பது என் வேலை, அதனால் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். எண் சரிதான். உன்னைப் பெற்ற வருடம் நான் வேலையில் புதுசு, கையெல்லாம் சந்தோஷம், உன் பெயரின் முதல் எழுத்துக்குக் கொடி மாதிரி வால் வைத்து எழுதியிருந்தேன், அப்போதிருந்த கிழட்டுச் சாமி இது பதிவேடா கல்யாணப் பத்திரிகையா என்று கத்தியது அப்படியே காதில் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற எல்லாப் பெயரும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன, உன் பெயர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

சாமியிடம் கொண்டுபோய் வைத்தேன். இவர் இளவட்டம், நீ போனதற்கப்புறம் வந்தவர், கோயிலில் மணியடித்துக்கொண்டே ஊர்ச் செய்தி பரப்புகிற நம் வானொலி அவருக்குச் சின்னச்சாமி என்று பெயர் வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், ஐயா இது என்று ஆரம்பித்தார், ஆமாம் சாமி, என் வீட்டு உற்பத்திதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், பிழை இருந்தால் சாமியுடையது அல்ல, என்னுடையது. பெயரை எடுக்க முடியாதாம். அது உறுப்பினர் பட்டியல் இல்லையாம், நடந்ததை நடந்தது என்று சொல்லும் ஏடாம், நீ திருமுழுக்குப் பெற்றது நடந்துபோன காரியம், அதை நீயும் அழிக்க முடியாது, சாமிக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரும் அழிக்க முடியாது. திருமுழுக்கு ஆத்துமத்தில் வைக்கிற அடையாளம் என்ன செய்தாலும் போகாதாம், மனுஷி விலகலாம், அடையாளம் விலகாது. அதனால்தான் அங்கே உன்னைத் தொட்டியில் முழுக்காட்டி எடுத்தார்களே, அதைத் திருச்சபை இரண்டாவது திருமுழுக்கு என்று எண்ணுவதே இல்லையாம், ஒரு தடவைதான் உண்டு. அப்படியானால் என் மகள் அன்றைக்கு நனைந்தது மட்டும்தான் உண்மையா சாமி என்று கேட்டேன், ஏறக்குறைய என்றார். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, உனக்குச் சளி பிடிக்கிற உடம்பு, அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்புறம்தான் கஷ்டமான இடம். உன் பாஸ்டர், அவர் மனைவி, உனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்த அந்த நர்ஸ் அக்கா, இவர்களெல்லாம் அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பிரிந்து நிற்கிறார்கள் என்ற குற்றத்தைத் திருச்சபை அவர்கள்மேல் சுமத்துவதில்லையாம், கிறிஸ்துவுக்குள் சகோதரர் என்றே சொல்கிறதாம். ஆதியில் பிரிந்ததில்கூட இரண்டு பக்கத்து மனிதர்களுக்கும் குற்றம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறதாம். நல்லது சாமி, என் மகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள் என்றேன். அதுதான் முடியாதாம். நீ உள்ளே பிறந்தவள். இந்தத் திருச்சபை மீட்புக்குத் தேவையென்று கிறிஸ்துவே நிறுவியது என்பதை அறிந்தும் அதில் நிலைத்திருக்க மறுக்கிறவர் மீட்படைய முடியாது என்று ஆயர்களெல்லாம் கூடிய பொதுச்சங்கமே எழுதி வைத்திருக்கிறது. திரும்பி வந்து பாவசங்கீர்த்தனம் செய்து ஒப்புரவாகும்வரை பூசையில் நற்கருணை நன்மை வாங்க முடியாது. ஞானஸ்நானத்தில் எந்தக் குழந்தைக்கும் ஞானத்தாயாக நிற்க முடியாது. ஆனால் ஐயா, அறிந்தும் என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதைக் கவனியுங்கள், ஒருவர் உள்ளத்தில் எவ்வளவு அறிந்தார் எவ்வளவு மனம் ஒப்பினார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும், நீங்களோ நானோ தீர்ப்பு எழுத முடியாது என்றார். மகளே, மூழ்குகிற ஆள் கையில் கிடைத்த கயிறு மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அறிந்தால்தானே குற்றம். உனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்துவிட்டால் போதுமே.

நிரூபிக்க என்னிடம் சாட்சி இருந்தது. நீ மூன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புவரை ஒன்பது வருடம் மறைக்கல்விப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கினாய், அந்த மெடல்கள் உன் அம்மாவின் அலமாரியில் வெள்ளித் தாளில் சுற்றி இருக்கின்றன. அந்தப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தட்டச்சு செய்தது யார். நான். ஒவ்வொரு வருடமும் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனது யார். அதுவும் நான்தான். ஒன்பது வருடம் ஒரே இடத்தில் ஒரே பொருளை மறந்து வைக்கிற மறதி. நான் ஒன்றும் சொன்னதில்லை, நீயும் ஒன்றும் கேட்டதில்லை, காலையில் பார்த்தால் தாள் இருந்த இடத்திலேயே இருக்கும், நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எழுத்தர் வீட்டுப் பிள்ளை தோற்றால் ஊர் சிரிக்கும் என்று ஒரு வீம்பு, வேறென்ன. இதையெல்லாம் மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமி முன்னால் போய் ஒப்பித்தேன். சாமி, என் மகளுக்கு மறைக்கல்வியில் ஒரு மண்ணும் தெரியாது, ஒன்பது மெடலும் களவு, களவாணி நான், ஆகவே அவள் அறியாமல்தான் போயிருக்கிறாள், எழுதிக்கொடுக்கிறேன், வேண்டுமானால் முத்திரையும் குத்திக்கொடுக்கிறேன் என்றேன். இது பாவசங்கீர்த்தனமா வழக்கா என்று கேட்டார். இரண்டும் சாமி, சௌகரியம் எதுவோ அதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்து, இதைச் சத்தமாகப் படியுங்கள் என்றார். படித்தேன். திருச்சபை என்ன போதிக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, அதற்குக் கீழே நீ ஏன் அதை நம்பவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கம். போதனையை எழுதியதில் ஓர் எழுத்துகூட நான் மாற்ற மாட்டேன் ஐயா, குருமடத்தில் என் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இவ்வளவு சரியாக எழுத மாட்டார்கள் என்றார் சாமி. எட்டு மாதம் இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை, ஆனால் நான் விலகுவதற்கு அது காரணம் இல்லை, அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எங்கள் பாவம் என்றார், எங்கள் என்று அவர் சொன்னது யாரை என்று நான் கேட்கவில்லை. ஏன் மகளே, அந்த ஒரு சாக்கையாவது வைத்துக்கொண்டிருக்கக்கூடாதா. அதை வைத்து நான் எப்படியாவது ஓட்டியிருப்பேனே.

அப்படியும் நான் விடவில்லை, கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம், பாஸ்டர் சொல்லச் சொல்லத் தட்டியிருக்கலாம் என்றேன். இது அவளுடைய சொந்த விருப்பம்தானா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது என் கடமை என்று சொல்லி சாமி அன்று மத்தியானம் உனக்குப் போன் போட்டார். நான் அடுத்த அறையில் இருந்தேன் என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை, அவர் உம் உம் என்றதுதான் கேட்டது, முப்பத்தைந்து நிமிஷம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, உங்களிடம் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்ததை மட்டும் சொல்கிறேன் என்று இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்தக் கேள்வித்தாளை நீ ஒரு வருடம்கூடப் பார்த்ததில்லை. நான் வைத்துவிட்டுப் போனதும் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் அகராதியைத் தூக்கி வைத்துவிட்டுப் படிப்பாயாம், பார்த்தால் திருட்டு, அப்பாவிடம் சொன்னால் அப்பாவுக்கு அவமானம் என்று. பார்த்தது உன் தம்பியாம். கண்ணே, கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்தும் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்குவதற்கு எவ்வளவு திறமை வேண்டும் யோசித்துப் பார். அவன் இன்றைக்கும் ஞாயிறுதோறும் கோயில் வாசலில் வண்டிமேல் சாய்ந்து நின்று பிரசங்கம் முடிந்ததும் உள்ளே வருகிறான், திரித்துவத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவான், அவன் பத்திரமாக உள்ளே இருக்கிறான். எல்லாம் தெரிந்த நீ வெளியே. உன் அப்பன் கெட்டிக்காரன், வீட்டில் யாரைத் திருடியாக்கப் பார்த்தேனோ அவள் ஒருத்திதான் திருடாமல் இருந்திருக்கிறாள், நம்பாத இடத்தில் பெயர் இருப்பதுகூட உனக்குத் திருட்டு மாதிரி உறுத்துகிறது, அதனால்தான் எடுங்கள் என்று எழுதினாய், எனக்குப் புரிகிறது, புரிந்தது எனக்கு உபயோகமில்லை.

இரண்டாவது விஷயம். தபாலை யார் பிரிப்பார் என்று உனக்குத் தெரியாதா, ஏன் அப்பாவிடம் நேரே சொல்லவில்லை என்று சாமி கேட்டாராம். நாலு தடவை சொல்ல வந்தேன் சாமி, நாலு தடவையும் அப்பா சிரிக்க வைத்துவிட்டார், அப்புறம் சொல்ல முடியவில்லை என்றாயாம். யோசித்துப் பார்த்தேன், மூன்று தடவை நினைவுக்கு வருகிறது. போன வருடம் நீ வந்திருந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, அப்பா நான் இப்போ வேற இடத்துக்கு ஜெபிக்கப் போறேன் என்றாய், அங்கே செருப்புக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நன்றாகச் சிரித்தாள் என்று அன்றைக்கு உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நாலாவது எது என்று மட்டும் தெரியவில்லை, எழுத வேண்டாம், தெரியாமலே இருக்கட்டும்.

உன் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்துச் சொன்னால் எதற்கு அழுகிறாள் என்று யாருக்கும் தெரியாது என்று ஒரு கணக்கு. அழவில்லை. உரித்து முடித்தாள், நறுக்கி முடித்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் குடிக்கிறாளா, கெட்ட சகவாசமா, இல்லைதானே, அப்புறம் எதுக்கு இப்படி முகத்தை வச்சிருக்கீங்க என்று என்னையே கேட்டாள். எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் எனக்குத் தெரியாமல் சாமியிடம் போயிருக்கிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், செத்ததற்கப்புறம் நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்போமா என்று. கடவுளுடைய இரக்கத்துக்கு நாம் வேலி போட முடியாது அம்மா, ஜெபியுங்கள் என்றாராம். வீட்டுக்கு வந்து, ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை, இல்லைன்னுதான் அர்த்தம், எனக்குப் படிப்பில்லைன்னாலும் இது தெரியும் என்றாள். அன்றிலிருந்து காலைப் பூசைக்குப் போவதில்லை, ஆள் குறைவான சாயந்தரப் பூசைக்குப் போகிறாள், காலைப் பூசைக்கு வருகிற தையற்காரி அக்கா உன் மக எப்படியிருக்கா என்று கேட்டுவிடுவாள் என்று பயம். நன்மை வாங்கிவிட்டு வந்து முகத்தைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வானொலிக்கு விஷயம் எட்டிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மூன்று வாரமாக என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார், அதிலிருந்து எட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அங்கே உங்கள் சபையில் எங்கள் மூவர் பெயரையும் எழுதி வைத்து, இரட்சிக்கப்பட வேண்டுமென்று உபவாச ஜெபம் செய்கிறீர்கள் என்று நீ உன் தம்பிக்கு அனுப்பிய செய்தியில் பார்த்தேன். இங்கே உன் அம்மா உனக்காக ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்து இப்போது ஐந்தாவது ஒன்பதில் நிற்கிறாள். நீ எங்களை நரகத்திலிருந்து அந்தப் பக்கம் இழுக்கிறாய், நாங்கள் உன்னை இந்தப் பக்கம் இழுக்கிறோம், கயிறு ஒன்று, குடும்பமும் ஒன்று, யார் ஜெயித்தாலும் நம் வீட்டில்தான் ஒருவர் விழவேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது, இரண்டே பத்தி. பெயரை நீக்க இயலாது, இவர் விலகியிருப்பதைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்து விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்கவும், அவருக்காக எப்போதும் கதவு திறந்திருக்கிறது என்பதையும் அன்போடு தெரிவிக்கவும் என்று. சாமி என்னைக் கூப்பிட்டு, ஐயா நான் எழுதுகிறேன், நீங்கள் வெளியே போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும், இருபத்தெட்டு வருடமாக வேறு கை படாத பதிவேடு, வேண்டாம் சாமி, நானே எழுதுகிறேன் என்றேன். காலை பத்தரை மணி, சன்னல் திறந்திருந்தது, வெளியே யாரோ பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மை நிரப்பினேன், நிப்பைத் துடைத்தேன், தேவையில்லாமல் இன்னொரு தடவை துடைத்தேன். மேற்படி நபர் தமது கடிதத்தின்படி கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு என்று எழுதிக்கொண்டிருக்கும்போது பாடகர் குழுத் தலைவி வந்து மேல் அறைச் சாவி எங்கே என்று கேட்டார். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சாவியைத் தேடிக் கொடுத்தேன், கேளுங்க அண்ணே, அந்த மொட்டைக் கடிதம் எழுதினது யார்னு எனக்குத் தெரியும் என்று கால்மணி நேரம் நின்று பேசினார், எழுதினவரே அவர்தான் என்பது எனக்குத் தெரியும், தலையை ஆட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் விட்டு என்ற இடத்தில் மை காய்ந்து நிற்கிறது. அதற்கு மேல் எழுதாமல் பதிவேட்டை மூடிவிட்டால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு யோசனை வந்தது. நீ பார்க்க மாட்டாய், உனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் குப்புறக் கவிழ்த்து அகராதி வைத்தவளுக்கு அப்பனாக இருந்துகொண்டு அதைச் செய்யக் கை வரவில்லை. எழுதி முடித்தேன். கவனமாகப் பார்த்தால் அந்த இடத்தில் மை நிறம் கொஞ்சம் மாறுவது தெரியும். சாமி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, என் தோளில் கை வைத்தார். நான் உடனே ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.

நீ திரும்பி வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்ப்பதாக உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், போனில் பேசும்போது அதைக் கலைத்துவிடாதே. சாமி நம்பிக்கையை விடாதீர்கள் ஐயா என்கிறார், அவர் வயது அப்படி. எனக்கு உன்னைத் தெரியும், நீ தப்பென்று நினைத்த ஒன்றை ஒரு தடவை கவிழ்த்து வைத்தால் அப்புறம் நிமிர்த்திப் பார்க்க மாட்டாய். உனக்கும் என்னைத் தெரியும், நான் இந்த மேசையை விட்டு எங்கும் போகமாட்டேன், நம்புகிறேனா பழகிவிட்டேனா என்று என்னைக் கேட்காதே, இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு நான் உன்னைப்போல் படிக்கவில்லை. நன்மை வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் நீ நிற்பாய், உன் பின்னலில் வெள்ளை ரிப்பன் இருக்கும், இனி அந்த இடத்தில் வேறு யாருடைய முதுகோ. அடுத்த தடவை நீ வரும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நானும் உன் அம்மாவும் பேசிக்கொள்ளவே இல்லை, சனிக்கிழமையே கிளம்புகிற மாதிரி டிக்கெட் எடுத்துவிடுவாள் என்று உன் தம்பிதான் சொன்னான், முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன் சில சமயம் சரியாகச் சொல்லிவிடுகிறான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும்போது எக்ஸ்ரே அறையில் அந்தக் கனமான மேலங்கியைப் போடாமல் நிற்காதே, சோம்பல்பட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படாதே. குளிரில் தலைக்கு ஏதாவது கட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அந்த நர்ஸ் அக்காவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல், சூப்புக்கு மட்டும். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன், இனி அது உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரியாததால் கடிதத்தில் போடவில்லை. சிலுவை இல்லாமல் ஆசீர்வதிக்க எனக்குத் தெரியாது, இருந்தாலும் ஆண்டவர் உன்னைக் காப்பாராக, நோய் நொடி அண்டாமல் இருப்பாயாக, நீ எங்கே மண்டியிட்டாலும் அங்கே உன்னைக் கேட்பவர் இருப்பாராக. உன் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வேறு ஏதாவது எழுதட்டுமா என்றேன், ஒன்றுமில்லை என்றாள், கொஞ்ச நேரம் கழித்து வந்து, சாப்பிட்டாளான்னு கேளுங்க என்றாள்.

ஞாபகம் வைத்துக்கொள், அலுவலகத்திலிருந்து இன்னொரு உறை தனியாக வரும், முகவரி என் கையெழுத்தில் இருக்கும், உள்ளே கடிதம் அலுவலக பாஷையில் இருக்கும், அதைப் பார்த்து அப்பா கோபமாக எழுதியிருக்கிறார் என்று நினைக்காதே. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ கேட்ட பதிவேட்டு நகலும் அதோடு வரும், ஒரு தடவை சரிபார்த்துக்கொள். ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் நான் இருக்கிறேன், அதில் மாற்றம் எதுவும் கேட்டு நீ எழுதவில்லை, ஆகவே அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்தில் இருக்கிறவன்,
உன் அப்பா